மூங்கிலின் மெலிந்த குரலுக்கும் ஓர் அறை வேண்டும்: உலக ஷாகுஹாச்சி விழா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய விழா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். 1994ஆம் ஆண்டு ஜப்பானின் ஒகயாமா மாகாணத்தில் பிசெய் என்ற சிற்றூரில் ஷாகுஹாச்சிக் கலைஞர் யோகோயாமா கட்சுயாவின் முன்முயற்சியால் நடந்த பன்னாட்டுக் கூடுகையில் தொடங்கி, அமெரிக்காவின் போல்டர், சிட்னி, கியோத்தோ, லண்டன் என ஊர் ஊராக, ஷாகுஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழலுக்கான இந்த விழா வளர்ந்து வந்திருப்பதை மகிழ்ச்சியோடு கவனித்து வருபவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். இனி வரும் விழாக்களில், ஒலிபெருக்கி இல்லாத ஒரு சிறிய அறையை ஹொன்க்யோகு என்னும் மரபுத் தனியிசைக்கென்றே ஒதுக்கித் தாருங்கள். ஒரே உருப்படியை வெவ்வேறு மரபினர் அடுத்தடுத்து வாசிக்க அங்கே இடமளியுங்கள்.

ஷாகுஹாச்சி பார்வைக்கு மிக எளிய கருவி. மதாகே என்ற மூங்கிலை வேர்க்கட்டையோடு அகழ்ந்தெடுத்துச் செய்த, ஏறத்தாழ 54.5 செ.மீ. நீளமுள்ள குழல், முன்புறம் நான்கு துளைகள், பின்புறம் ஒன்று. எங்கள் புல்லாங்குழலைப் போலக் குறுக்காகப் பிடிக்காமல் நேராகப் பிடித்து, மேல்முனையில் சரிவாகச் சீவிய விளிம்பின் மீது ஊத வேண்டும். துளைகளை முழுதாக மூடியும் திறந்தும் வாசித்தால் ஒரு ஸ்தாயிக்கு ஐந்து சுரங்களே இயல்பாகக் கிடைக்கும். மற்றவை பெரும்பாலும் பாதி மூடிய துளைகளிலும் தலையசைவிலும் பிறக்கின்றன. வாசிப்பவர் மோவாயைத் தாழ்த்தும்போது உதடு விளிம்பை நெருங்குகிறது, சுருதி இறங்குகிறது, ஒலி மெலிந்து கலங்குகிறது, மூச்சின் இரைச்சல் மேலெழுகிறது. இது மெரி. தலை நிமிர்ந்தால் சுருதி ஏறி, ஒலி விரிந்து தெளிகிறது. இது கரி. எல்லாச் சுரங்களும் ஒரே பருமனில் ஒலிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கேட்பவருக்கு மெரி ஒரு குறையாகத் தோன்றலாம். ஹொன்க்யோகுவிலோ இந்த ஏற்றத்தாழ்வுதான் இசையே. ஒளியிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து ஒளிக்கும் ஒரே மூச்சுக்குள் நடக்கும் போக்குவரத்தை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது வெறும் சுர வரிசை.

பெரிய அரங்கில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஒலிப்பொறியாளர் தம் கடமையைச் சரியாகவே செய்கிறார். கேட்காத சுரத்தை உயர்த்துகிறார், ஓங்கி வருவதை அடக்குகிறார், மூங்கிலின் வறட்சி தெரியாதபடி கொஞ்சம் எதிரொலியும் சேர்க்கிறார். அத்தோடு மெரிக்கும் கரிக்கும் இடையிலிருந்த தொலைவு குறுகிவிடுகிறது. ஒரு மூச்சு முடிந்து அடுத்த மூச்சு தொடங்கும் முன் இருக்கவேண்டிய வெறுமையை எதிரொலியின் வால் நிரப்பிவிடுகிறது. தம்பூராவைக்கூட ஒலிபெருக்கி வழியாகவே கேட்டுப் பழகிவிட்ட சென்னைச் சபா இரசிகர்களுக்கு இந்த இழப்பு புதியதன்று. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த இசை மேடைக்காக உருவானதும் அன்று. ஜென் பௌத்தத்தின் ஃபுகே பிரிவைச் சேர்ந்த கொமுசோ துறவிகள் முகத்தை மூடும் கூடைத் தொப்பியணிந்து, வீட்டு வாசல்களில் பிச்சைக்காகவும் கோயில்களில் தியானமாகவும் வாசித்தவை இவை. கோயிலுக்குக் கோயில் வேறுபட்டிருந்த உருப்படிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் குரோசாவா கின்கோ (1710–1771) திரட்டினார். கின்கோ மரபின் முப்பத்தாறு உருப்படிகள் அந்த வழியில் வந்தவை. 1871இல் மெய்ஜி அரசு ஃபுகே பிரிவையே ஒழித்தது. அதன் பிறகு இந்தக் குழல் கோத்தோ, ஷமிசென் என்ற நரம்புக் கருவிகளோடு சேர்ந்திசையில் பிழைத்தது. 1896இல் நகாவோ தோசான் தமக்கென ஒரு புதிய மரபைத் தொடங்கினார். இத்தனைக்கும் நடுவே ஹொன்க்யோகு குருவிடமிருந்து சீடருக்கு வந்து சேர்ந்தது. வந்த வழியெல்லாம் பாடாந்தரங்கள், அதாவது ஒரே உருப்படியின் வெவ்வேறு வடிவங்கள், பெருகின.

நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைச் சொல்லும் ‘த்சுரு நோ சுகொமோரி’யையே எடுத்துக்கொள்ளலாம். சிறகடிப்பைக் காட்டும் ஒலியதிர்வு, விரல்களின் உருட்டு, பகுதிகளின் வரிசை, நீளம் என எல்லாமே மரபுக்கு மரபு மாறும். 1977இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற தங்க இசைத்தட்டில் யமாகுச்சி கோரோவின் வாசிப்பில் இது ஐந்து நிமிடத்திற்கும் குறைவாக இடம்பெற்றிருக்கிறது. (அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் இருப்பது எங்களுக்குப் பெருமை.) விண்வெளிக்குச் சென்றது ஒரு பாடாந்தரம், மற்றவை இன்னும் பூமியில்தான் இருக்கின்றன. அவற்றை ஒரே மாலையில், ஒன்றையடுத்து ஒன்றாகக் கேட்கும் வாய்ப்பைப் பல நாட்டுக் கலைஞர்கள் கூடும் உங்கள் விழாவைப் போல வேறு யாரால் தர முடியும்?

புதிய இசைக்கு எதிராக நான் எழுதவில்லை. 1967இல் நியூயார்க்கில் இசை நடத்துநர் ஒசாவா செய்ஜியின் தலைமையில் அரங்கேறிய, இசையமைப்பாளர் தகெமித்சு தோருவின் ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ படைப்பில், மேற்கத்திய இசைக்குழுவோடு ஷாகுஹாச்சியையும் பீவா என்ற நரம்புக் கருவியையும் குழைத்துக் கலக்கத் தகெமித்சு முயலவில்லை. இசைக்குழு ஒதுங்கி நிற்க, யோகோயாமாவும் த்சுருதா கின்ஷியும் நெடுநேரம் தனித்து வாசிக்கும் பகுதிதான் அதன் உயிர்நாடி. தம் குரு வதாசுமியிடம் பயின்ற ஹொன்க்யோகுவின் மூச்சு இல்லாமல் யோகோயாமா அப்படி வாசித்திருக்க முடியாது என்பது என் துணிபு. ஆகவே, தனிக்குழலுக்கென இன்று எழுதப்படும் புதிய படைப்புகளும் அதே அறையில், ஹொன்க்யோகுவுக்குப் பக்கத்திலேயே ஒலிக்கட்டும். அவற்றை எழுதுவோரும் அங்கே வந்து அமரட்டும்.

செலவு அதிகமில்லை. மரத்தளமிட்ட ஒத்திகைக்கூடமோ சிறு வழிபாட்டுக்கூடமோ போதும்; அறுபது எழுபது பேர் அமர்ந்தால் போதும்; இடம் கிடைக்காதவர்களுக்காக அதே நிகழ்ச்சியை மறுநாள் மீண்டும் நடத்தலாம். வெப்பமூட்டிய வறண்ட காற்றில் மூங்கில் வெடித்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே அறையின் ஈரப்பதத்தைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். நேர நெருக்கடிக்காக எந்த உருப்படியையும் பாதியில் வெட்ட வேண்டாம். நிகழ்ச்சிநிரலில் உருப்படியின் பெயரோடு அது எந்த மரபின் பாடாந்தரம், வாசிப்பவர் யாரிடம் கற்றார், குழலின் நீளம் என்ன, உட்புறம் அரக்குக்கலவை பூசியதா பூசாததா என்பவற்றையும் அச்சிடுங்கள். பதிவு செய்வதானால், வாசிப்பவருக்குச் சற்றுத் தள்ளி ஒரே ஒலிவாங்கியை நிறுத்தி, பிறகு எந்த ஒலித்திருத்தமும் செய்யாமல் அதை அப்படியே வெளியிடுங்கள்.

மிக்க மதிப்புடன்,
ஷாகுஹாச்சி இசையை நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு தமிழ் இரசிகன்