ரஷ்ய நாடகம் 1898-இல் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ரஷ்ய நாடக மேடை பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். நாடக ஆசிரியர் செகாவ், இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, 1898-இல் தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கம் எல்லாம் சரிதான், ஆனால் அதற்கு முன்னால் அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைக்க வைத்துவிடுகிறது, அதுதான் எனக்கு வருத்தம். அந்த வருடம் மரியா யெர்மோலோவா மாஸ்கோவின் மாலி தியேட்டரில் கதாநாயகியாக மேடையேறி 28 வருடம் ஆகியிருந்தது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே வியந்து எழுதிய நடிகை அவர். கட்டுரையில் பெயர்கூட இல்லை.

அவருடைய அப்பா அதே தியேட்டரில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவர். தாத்தா பண்ணையடிமையாக இருந்து வயலின் வாசித்தவர், அப்புறம் அங்கேயே உடுப்புகளைப் பார்த்துக்கொண்டார். மேடையின் முன்விளிம்பில் இருக்கும் அந்தக் குட்டிக் கூண்டுக்குள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துதான் சிறுமி நாடகம் பார்த்தாள். படிக்கப் போட்டதோ பாலே பள்ளியில், இவளுக்கு நடிப்பு வராது என்று பெரிய நடிகர் ஒருவரே கைவிரித்துவிட்டார். 1870 ஜனவரியில் மெத்வேதேவா என்ற மூத்த நடிகையின் பெனிஃபிட் நாடகத்துக்கு, அதாவது வசூல் அந்த நடிகைக்கே போகும் நாடகத்துக்கு, லெஸ்ஸிங்கின் 'எமிலியா கலோத்தி'யை எடுத்திருந்தார்கள், நாயகி வேடம் கட்ட வேண்டிய ஃபெதோத்தோவா உடம்புக்கு முடியாமல் படுத்துவிட, 16 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரங்கமே கொண்டாடியது. அதோடு எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை, அடுத்த சில வருடம் கிடைத்ததெல்லாம் சில்லறை வேடங்கள்தான். 1873-இல் ஆஸ்திரோவ்ஸ்கியின் 'புயல்' நாடகத்தில் காத்தரீனா வேடம் வந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

1876-இல் தன் சொந்த பெனிஃபிட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஸ்பானிய நாடக ஆசிரியர் லோப் தெ வேகாவின் 'ஃபுவெந்தே ஒவேஹூனா' நாடகம். கொடுமைக்காரத் தளபதியிடமிருந்து தப்பி, தலைமுடி கலைந்து ஓடிவரும் லாரென்சியா என்ற கிராமத்துப் பெண் ஊர் ஆண்களின் கூட்டத்துக்குள் புகுந்து, நீங்களெல்லாம் ஆண்பிள்ளைகளா என்று கேட்கிற இடம் அதில் உண்டு. ஜார் ஆட்சியில், மாணவர்கள் நிறைந்த அரங்கில், அதை ஒரு பெண் உரக்கக் கேட்டால் என்ன ஆகும்? சில முறை மேடையேறியதோடு நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். 1884-இல் ஷில்லரின் ஜோன் ஆஃப் ஆர்க் வேடம், அதைப் பல வருடம் விடாமல் நடித்தார்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது 1907-இல் அவர் செய்த காரியம். ஐம்பதைத் தாண்டியாயிற்று, இனி நாயகி வேடம் வேண்டாம் என்று தானாகவே ஒதுங்கி, ஒரு இடைவெளி விட்டு, வயதான பெண்களின் வேடங்களோடு திரும்பி வந்தார். 1909-இல் இப்சனின் 'ஆவிகள்' நாடகத்தில் தாயாக நடித்தார். ஒரு நடிகையின் கதையை அவர் இளமையோடு முடித்துவிடுகிற பழக்கம் நம் பத்திரிகைகளுக்கு உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1920-இல் அவருடைய மேடை வாழ்வின் பொன்விழாவுக்கு லெனின் நேரில் வந்தார். குடியரசின் மக்கள் கலைஞர் பட்டம் பெற்ற முதல் நாடக நடிகை அவர்தான். அடுத்த வருடம் மேடையை விட்டார், 1928-இல் இறந்தார்.

ஆகவே இதே இணைப்பில் யெர்மோலோவாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1905-இல் செரோவ் வரைந்த அவருடைய ஓவியம் மாஸ்கோவில் ட்ரெத்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது, கறுப்பு உடையில் நிமிர்ந்து நிற்பார். அதையும் கூடவே போடுங்கள், தலையை மட்டும் வெட்டிப் போடாமல் முழுதாக. அதில் நிறங்கள் குறைவு, கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் வந்தாலும் கெடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை