தேறேன்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் குரலைக் கேட்டுப் பதினெட்டு நாளாகிறது. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம், சரி. வேளைக்குச் சாப்பிடு. உனக்குப் பதவி உயர்வு வந்ததைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அதையும் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மழையில் கிணற்றுத் தண்ணீர் கலங்கிவிட்டது. ஆயா செய்கிற மாதிரி பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரசித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலையில் மண்ணெல்லாம் அடியில் தங்கியிருந்தது. அதிலிருந்து அந்தச் சொல்லே மனசில் ஓடுகிறது. தேறு என்றால் தெளி. ஒருவரைத் தெளிந்து நம்பு என்றும் பழைய பொருள். இன்று பரீட்சையில் தேறுகிறோம், காய்ச்சல் விட்டு உடம்பு தேறுகிறது, துக்க வீட்டில் தேறுதல் சொல்கிறோம். நீ விடிய விடிய உருப்போட்ட பித்தாகரஸ் தேற்றமும் அந்த வேரில் வந்ததுதான். நம்புவது மட்டும் அந்தச் சொல்லிலிருந்து உதிர்ந்துபோனது.

குறள் 509இல் அது இருக்கிறது. "தேறற்க யாரையும் தேராது": ஆராயாமல் யாரையும் நம்பாதே. அந்த ஊரில் நீ அப்படித்தான் இருக்கவேண்டும். வாடகைப் பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. வேளைக்குச் சாப்பிடு.

அடுத்த குறளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நம்பியவர்மேல் சந்தேகப்படுவது தீராத துன்பம் தரும் என்கிறது. கயல், அன்றைக்கு ராத்திரி நீ விடுதியில் இருக்கிறாயா என்று வார்டனுக்கு போன் போட்டது நான்தான். அம்மா இல்லை. நீ அறையில்தான் இருந்தாய். அப்புறம் நீ பேசுவதெல்லாம் "நல்லா இருக்கேன்பா" என்பதோடு நின்றுபோனது. ஆறு வருஷமாக அம்மாவின் மேல் பழி கிடக்க விட்டேன்.

குறுந்தொகையின் 21ஆம் பாட்டு ஓதலாந்தையார் பாடியது. கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று தலைவியிடம் சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது, காடே கார்காலம் வந்ததென்று சொல்கிறது. அவளோ, "யானோ தேறேன், அவர் பொய் வழங்கலரே" என்கிறாள்: காடு சொல்வதை நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார்.

போன வாரம் அத்தை போனில் உன்னைப் பற்றி என்னென்னவோ சொன்னாள். நான் தேறவில்லை. வார்டனுக்குப் போட்ட மாதிரி யாருக்கும் போன் போடவும் இல்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், எதுவாக இருந்தாலும்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். கூரியரில் அனுப்பவா, நீ வரும்போது எடுத்துக்கொள்கிறாயா?

அப்பா