பூட்டிக் கிடக்கும் கீழ்வீடு

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மருமகளை நாங்கள் விசாரித்ததாகச் சொல்.

எங்கள் பிளாட்டில் இரண்டாவது மாடி அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ காவடிக்கு வந்தபோது புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாரே, அவர்தான். சர்க்கரை முற்றிப்போய் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இங்கே லிப்ட் ஏது? பையன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்குகிறார்கள். போகும்போதாவது பரவாயில்லை. திரும்பி வரும்போது அவருக்குத் தலையே நிற்பதில்லை. படி திரும்பும் இடத்தில் இறக்கி வைத்து, கொஞ்சம் தெளிந்த பிறகுதான் மேலே ஏற்றுகிறார்கள். பையன்கள் இல்லாத ஒரு நாள் அவர் போகவே இல்லை. மறுநாள் முகமெல்லாம் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார்.

கீழ்த்தளத்தில் வீடு கேட்டு, வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் டாக்டர் கடிதத்தோடு விண்ணப்பம் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. கீழே இருந்த தாத்தா இறந்து, அந்த வீடு இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. போய்க் கேட்டால், "உங்களுக்குத்தான் வீடு இருக்கிறதே, வீடே இல்லாதவர்கள் வரிசையில் நிற்கிறார்களே" என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடு போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தகரக் கொட்டகையில் ஈரம் காய்வதே இல்லை, பிள்ளைக்கு ஆஸ்துமா. அவளை விட்டுவிட்டு அக்காவுக்குக் கொடு என்று நான் எப்படிக் கேட்பேன்?

ஆனால் இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் தப்பு. அக்கா புது வீடா கேட்கிறார்? அவர் கீழே வந்தால் மாடி வீடு காலியாகும். அந்தப் பெண்ணும் பிள்ளையும் அங்கே இருக்கலாம், அவர்களால் படி ஏற முடியும். விண்ணப்பத்தில் நோயின் பெயருக்கு இடம் இருக்கிறது, வீட்டைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எத்தனை படி, வாரத்தில் எத்தனை முறை இறங்க வேண்டும், தூக்க ஆள் உண்டா, கழிப்பறைக்குள் நாற்காலி நுழையுமா? யாராவது ஒரு தடவை நேரில் வந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

தியாகராஜ் சுப்ரமணியை நீ மறந்திருக்க மாட்டாய். 1997இல் டயாலிசிஸ் கேட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போன நம் டர்பன்காரர். மெஷின்கள் குறைவு, இதய நோய் இருப்பதால் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் வழியில்லை என்று மறுத்தார்கள். நீதிமன்றமும் கைவிட்டது. சில நாளில் போய்ச் சேர்ந்தார். மெஷின் இல்லாதபோது என்ன செய்வது என்று அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டோம். அக்காவுக்கு மெஷின் இருக்கிறது, நண்பா. படி இறங்கத்தான் வழியில்லை.

1960களில் நம் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து நம்மைக் கிளப்பி இங்கே கொண்டுவந்தபோது யாரால் படி ஏற முடியும் என்று எவரும் கேட்கவில்லை. உன் ஆயா மாடி ஜன்னலில் உட்கார்ந்து கீழே போகிற நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அக்கா இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

2000இல், வீடில்லாமல் வழக்குப் போட்ட ஐரீன் குரூட்பூம் அம்மாள் வழக்கில் அதே நீதிமன்றம், மிக அவசர நிலையில் இருப்பவர்களுக்கு வழி செய்யாத வீட்டுத் திட்டம் அரசியலமைப்புக்கு ஒத்து வராது என்று சொன்னது. அந்த அம்மாளோ 2008இல் குடிசையிலேயே இறந்தார். அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் செவ்வாய்க்கிழமை எங்கள் பிளாட்டில் நாலு பேர் அந்த வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போகிறோம். வக்கீல் ஆபீசில் இருக்கும் உன் மகனிடம் அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று கேட்டு அனுப்பு. திங்களுக்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய பாரக்ஸ் நண்பன்