சிலம்பை வரையப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பத்து வயதுப் பிள்ளைகளுக்காகச் சிலப்பதிகாரத்தை 32 பக்கச் சித்திரக்கதையாக்கப் போகிறாய் என்று தெரிந்து மனம் நிறைந்தது. ஆனால் அதன் 30 காதைகளையும், அதாவது அத்தியாயங்களையும், பக்கத்துக்கு ஒன்றாகப் பங்கு போட்டுவிடாதே. போட்டால் ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் கதைச்சுருக்கம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். படத்துக்கு வேலையே இருக்காது. வஞ்சிக் காண்டத்தின் ஏழு காதைகளுக்கு இரண்டு பக்கம் போதும். கண்ணகி அரசவையில் நீதி கேட்கும் வழக்குரை காதைக்கு மட்டும் ஆறு பக்கம் கொடு.

அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம்: வழக்கே இவ்வளவுதான். உள்ளே பரல், அதாவது ஒலிக்கும் சிறு கல், இருக்கும் என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கனாத்திறம் உரைத்த காதையில் ‘சிலம்புள கொண்ம்’ (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்று கண்ணகி கோவலனிடம் சொல்லும் இடத்திலேயே, சிலம்பின் இடுக்கில் சிவப்புக் கல் தெரிய ஒரு பெரிய கட்டம் போடு. இதை விட்டால் அரசவையில் விளக்கக் குறிப்பு எழுத வேண்டிவரும். காட்சி அங்கேயே செத்துவிடும்.

கண்ணகி சிலம்பை உடைக்கும் கட்டம் இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண் பக்கத்தில், முதலாவதாக வரட்டும். அதற்கு முந்தைய வலப்பக்கம் ஓங்கிய கையோடு முடியட்டும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் குழந்தையின் கண் முதலில் சிதறிய கல்லுக்குத்தான் ஓடும். ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’ என்கிறார் இளங்கோ. மன்னனின் உதட்டருகே ஒற்றைச் சிவப்புக் கல். அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்தும் வேண்டாம், ஓசை எழுத்துகூட வேண்டாம். அடுத்தது ‘தாழ்ந்த குடையன், தளர்ந்த செங்கோலன்’. கண்ணகி அவைக்குள் நுழைந்தபோது வரைந்த அதே கோணம். குடை சரிந்திருக்கிறது, கோல் சாய்ந்திருக்கிறது. பாண்டியனுக்கு வில்லன் மீசை வைத்துவிடாதே. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று தன்னையே தண்டித்துக்கொள்ளும் மனிதன் அவன். அந்த வரிக்கு உரையே தேவையில்லை, அப்படியே போடு. சோழரின் நீதிக்குச் சான்றாகக் கண்ணகி சொல்லும் புறாவும் கன்றிழந்த பசுவும் வசனமில்லாத இரண்டு சிறு கட்டங்களில் அடங்கும்.

இனி எழுத்து. தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகாதே. பென்சில் கோட்டிலேயே பலூனுக்கு இடம் ஒதுக்கிவிடு. மை போட்ட பிறகு திணித்தால் முகங்களைத்தான் மறைக்கும். ‘கீ’யின் கொக்கியும் மேல்வரி ‘ணூ’வின் வாலும் மோதாதபடி வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்காக வை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்து கருப்பு மையில் மட்டும் இருக்கட்டும். வண்ண அச்சின் நான்கு மையும் கலந்தால் அச்சு இம்மி விலகினாலும் ஓரத்தில் நிழல் விழும்.

கடைசியாக, கண்ணகி மதுரையை எரிக்கும் வஞ்சின மாலை. அவள் முலை திருகி எறிவதை மழுப்பாதே. பின்புறமிருந்து ஒரே கட்டம் போதும், குழந்தைகள் தாங்குவார்கள். அதைவிட முக்கியம், தீக்கடவுளிடம் அவள் ‘மூத்தோர், குழவி’யைத் தொடாதே என்று சொல்வது. பல சுருக்கங்களில் இது விடுபட்டுப் போகிறது. கோட்டை வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பாட்டி நிற்கட்டும். தீ அவர்களைச் சுற்றி வளைந்து போகட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்