கையில் நூல் இருக்கட்டும்

நெய்யூர்

அன்புள்ள மக்களே,

இங்கு எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை, குளங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்துபோனான். இரணியல் விஷயம் இன்னும் முடியவில்லை, முடிந்ததும் சொல்கிறேன். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது உன் ஜெர்மன் வகுப்பைப் பற்றி.

நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து, இரவில் கைபேசிக்கு முன்னால் உட்காருவது லேசான காரியமில்லை. கேமராவை அணைத்தால் கண் சொக்குகிறது, சொக்காவிட்டால் விரல் தானாக வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது என்று நீதான் சொன்னாய். அன்று முதல் எனக்கு அதே நினைப்பு. தையல் ஆசிரியையாகவே காலம் கழித்தவள் வேறு என்ன யோசனை சொல்லப் போகிறேன்? வெறுங்கையோடு வகுப்பில் உட்காராதே. கையில் நூல் இருக்கட்டும்.

உனக்கு இது புதிதில்லை. குருத்தோலை ஞாயிறு அன்று நீ ஓலையைக் கிழித்து, மடித்து, மடிப்புக்குள் நுனியைச் செருகிச் சிலுவை செய்துகொண்டே இருப்பாய். பிரசங்கம் முடிவதற்குள் மடியில் ஒரு குவியல் சேர்ந்துவிடும். கவனிக்காமல் விளையாடுகிறாள் என்று உன் மாமி முறைப்பாள். வீட்டுக்கு வந்ததும் சபைப் போதகர் ஐயர் சொன்ன வசனம், கதை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பாட்டியிடம் ஒப்பிப்பாய். மற்றப் பிள்ளைகளுக்கு வசனம்கூட நினைவிருக்காது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

2020-இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணிடமும் இதைப் பார்த்தேன். கைபேசியில் பாடம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவாள். நம் திண்ணைக்குக் கூப்பிட்டு, குரோஷா ஊசியைக் கொடுத்துச் சங்கிலிப் பின்னல் மட்டும் சொல்லிக்கொடுத்தேன். நூலைக் கொக்கியில் மாட்டி வளையத்துக்குள் இழுப்பது, மறுபடி மாட்டி இழுப்பது, அவ்வளவுதான். சங்கிலி திண்ணையை விட்டு முற்றம் வரை நீண்டது. டீச்சர் கேள்வி கேட்டால் கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

கிழவி தன் தொழிலைப் புகழ்கிறாள் என்று நினைக்காதே. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் அதைக் கேட்டுக்கொண்டே தாளில் இருந்த வடிவங்களுக்குள் பென்சிலால் நிழலிட்டார்கள். அவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. கைக்குச் சின்ன வேலை இருந்ததால் மனம் பகற்கனவில் அலையவில்லை என்பது அவருடைய ஊகம்.

ஆனால் வேலை எளிதாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பூ வேலைப்பாடு, தையல் எண்ணிப் போடுகிற விரிப்பு எதையும் எடுக்காதே. எண்ணிக்கையில் மனம் போனால் பாடம் போய்விடும். தலையணைமேல் குண்டூசி குத்திப் பாட்டி பின்னிய தலையணை லேஸும் கூடாது. அந்தக் காலத்து மிஷனெரி மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த அந்த வேலைக்குக் கண்ணும் முழுதாக வேண்டும், குண்டூசி ஒன்று இடம் மாறினாலும் அவிழ்க்க வேண்டியதுதான். உனக்குச் சங்கிலிப் பின்னல் போதும். கேட்கும்போது பின்னு, பேசச் சொன்னால் பின்னிக்கொண்டே பேசு, எழுதச் சொன்னால் கீழே வைத்துவிடு.

ஜெர்மனில் மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லை என்று சொல்லிச் சிரித்தாயே, அதற்கும் ஒரு வழி யோசித்தேன். நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று நிறத்தில் நூல் வாங்கியிருக்கிறேன். புதிய சொல் வரும்போது அதன் பாலுக்குரிய நிறத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வை. வகுப்பு முடிந்ததும் முடிச்சைத் தடவிச் சொல்லிப் பார். நீ எழுதப்போகும் பி2 நிலை ஜெர்மன் தேர்வில் கேட்பதற்குத் தனித் தாள் உண்டு என்றாய். காது பாடத்தில் நின்றால் அதுவும் கைக்கு வரும்.

நம் குடும்பத்தில் தனியாகக் கடல் தாண்டிய முதல் பெண் நீ. மஸ்கட்டில் நீ வாங்கிய முதல் சம்பளத்தில்தான் இந்த வீட்டுக்கு ஓடு மாற்றினோம். அதை மறக்கிறவள் இல்லை நான். ஆனால் வகுப்புக் கட்டணத்துக்காக அடகு வைத்த வளையல் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. பணத்துக்காகச் சொல்லவில்லை. தொடங்கியதைப் பாதியில் விடுகிற பழக்கம் உனக்கு இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன். வெறுங்கையோடு உட்காராதே மக்களே.

குழித்துறைப் பெண் விடுமுறை முடிந்து அடுத்த வாரம் மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள். ஊசி, நூல்கண்டு, நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். ஊசியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. போன வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு உன்னைக் கூப்பிட்டேன். உங்கள் ஊரில் ஏழு மணி, வகுப்பு நேரம். நினைவில்லாமல் கூப்பிட்டேன் என்றுதான் உன்னிடம் சொன்னேன். நீ முதல் மணியிலேயே எடுத்தாய். அதற்கு முந்தைய வியாழக்கிழமையும் அப்படித்தான். பின்னால் டீச்சர் குரல் எதுவும் கேட்கவில்லை. நேரம் மாறியிருக்கலாம், டியூட்டி மாறியிருக்கலாம். என்னவாக இருந்தாலும் என்னிடம் சொல். வளையலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். இந்த வியாழக்கிழமை நான் கூப்பிடப் போவதில்லை. ஓய்வாக இருந்தால் நீயே கூப்பிடு.

அன்புடன்,
அம்மா