கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நர்ஸ் படிப்பு முடித்த கையோடு நீ அனுப்பிய நாலு வேலைகளின் விபரங்களும் கிடைத்தன: லண்டன், சவூதி, ஹட்டன், கொழும்பு. போனில் பேசினால் பாதியில் அப்பா வாங்கிக்கொள்வார், தம்பி ஏதாவது சொல்லிச் சிரிப்பான், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஆறுதலாகப் படி.

முதலில் கடன். நீ அதை மனதில் வைத்துக்கொண்டுதான் சவூதி, சவூதி என்கிறாய். எனக்குத் தெரியாதா? வங்கியில் இருக்கிற நகைக்கு வட்டி கட்டி அடகை மாற்றி வைத்தாயிற்று. சங்கத்துக் கடன் மாதாமாதம் என் சம்பளத்தில் கழிகிறது. அப்பாவுடைய தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் ஆயிரமானது, 2024 இல் 1350 ஆனது. அந்த ஆயிரத்துக்கே எத்தனை வருஷம் காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக் களத்தில் நின்று கத்தினோம் என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாள் கணக்கு, விழுந்தால்தான். மழை பிடித்தால், கொழுந்து குறைந்தால், அரைப் பேர். ஆகவே கடன் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் இறங்குகிறது. அது அப்பாவும் நானும் வாங்கிய கடன், நாங்கள் கட்டுவோம். காசு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, தோட்டத்து லயத்து அறையில் இருந்துகொண்டு அப்படிப் பேச முடியுமா? இந்த முதல் வேலையை மட்டும் எங்கள் கடனை வைத்துத் தெரிவு செய்யாதே என்கிறேன். இரண்டு வருஷம் கழித்து நீ எப்படிப்பட்ட நர்ஸாக இருப்பாய், அதை வைத்துத் தெரிவு செய்.

லண்டன் ஏஜென்சியை இன்றைக்கே தள்ளிவிடு. அந்தக் கடிதத்தை ஹட்டன் டவுனில் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் சாரிடம் காட்டினேன். அதில் வேலையின் பெயர் 'கெயார் அசிஸ்டன்ட்', பராமரிப்பு உதவியாள். நர்ஸ் என்று ஒரு இடத்திலும் இல்லை. 2025 ஜூலை 22 ஆம் தேதியோடு வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் விசா வழியைப் பிரிட்டன் மூடிவிட்டது என்று அவர் அந்த அரசாங்கத்தின் இணையப் பக்கத்தையே திறந்து படித்துக் காட்டினார். நர்ஸாகப் போகிற வழி வேறு, அது திறந்துதான் இருக்கிறது. அதற்கு அவர்களுடைய தாதியர் பேரவையில் பதிய வேண்டுமாம். ஐஈஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் பரீட்சையில் 7 வேண்டும், எழுத்துக்கு மட்டும் 6.5 போதும். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை, அங்கே போன பின் செய்முறைப் பரீட்சை ஒன்று. இதில் எதையாவது அந்த ஏஜென்சி உன்னிடம் கேட்டதா? கேட்டது நாலு லட்சம் முற்பணம் மட்டும்தான். வேலை தேடிக் கொடுத்ததற்கு வேலைக்கு வருகிறவரிடம் காசு வாங்குவது பிரிட்டன் சட்டப்படியே குற்றம் என்றார் சார். பூட்டிய தியேட்டருக்கு டிக்கெட் விற்கிறார்கள், அவ்வளவுதான்.

சவூதி அப்படி இல்லை. அது உண்மையான வேலை, உண்மையான சம்பளம், தங்குமிடமும் டிக்கெட்டும் தருகிறார்கள். நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் போய் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் உன் மெசேஜில் ஒரு வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு வருஷ வார்ட் அனுபவம் கேட்கிறார்களாம், "அந்தக் கடிதத்தை நாங்களே செய்து தருகிறோம்" என்று ஏஜென்சிக்காரர் சொன்னாராம். மகள், நீ எனக்கு விளக்கியதுதானே, டேட்டாஃப்ளோ என்று ஒன்று இருக்கிறது, அவர்கள் உன் பட்டத்தையும் அனுபவக் கடிதத்தையும் கொடுத்த இடத்துக்கே அனுப்பி உண்மையா என்று கேட்பார்கள் என்று? அங்கே உன் பெயரே இல்லை என்று பதில் போனால் என்ன ஆகும்? ஏஜென்சிக்காரர் அடுத்த பிள்ளையைப் பிடித்துக்கொள்வார். பொய்ப் பத்திரம் கொடுத்தவள் என்ற பெயர் உன்மேல்தான் விழும். நாலு வருஷம் மட்டக்களப்பில் விடுதிச் சோறு தின்று வாங்கிய பட்டத்தில் அந்தக் கறை வேண்டாம்.

இரண்டு வருஷம் கழித்து, உண்மையான கடிதத்தோடு, அங்கே நர்ஸாக வேலை செய்ய எழுதுகிற புரோமெட்ரிக் பரீட்சையும் எழுதிவிட்டுப் போவதென்றால் நானே பெட்டி கட்டித் தருகிறேன். அப்போதும் ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்க வேண்டும், 1989 க்கு அழைத்தால் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் நர்ஸ் என்றே எழுதியிருக்க வேண்டும். பாஸ்போர்ட் உன் கையில் இருக்க வேண்டும், அதை வாங்கி வைத்துக்கொள்ளச் சவூதிச் சட்டமே முதலாளிக்கு இடம் கொடுக்கவில்லை. நம் தோட்டத்து மேல் டிவிஷன் பிள்ளை ஒன்று நர்ஸ் வேலை என்று வேறொரு நாட்டுக்குப் போய், ஒரு வீட்டில் கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டும் சட்டி கழுவிக்கொண்டும் இருந்துவிட்டு வந்தது உனக்குத் தெரியும்தானே.

அடுத்தது ஹட்டன் மெடிக்கல் சென்டர். இதில் எனக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை முற்றி, இரண்டு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ மட்டும்தான் பேசுகிறது. அவருக்கு நீ காலையில் பஸ் ஏறிப் பொழுது சாய வீட்டுக்கு வர வேண்டும். எனக்கும் ஆசை இல்லை என்று நினைக்காதே. ஆனால் அந்த இடத்துக்கு நான் எத்தனை தரம் மருந்து எடுக்கப் போயிருக்கிறேன். அங்கே நர்ஸ் பிள்ளை என்ன செய்கிறது? பிரஷர் பார்க்கிறது, நிறை பார்க்கிறது, நம்பர் கூப்பிடுகிறது, கட்டு மாற்றுகிறது, டொக்டர் வரப் பிந்தினால் சனத்திடம் ஏச்சு வாங்குகிறது. கூட்டம் இல்லாத நேரம் காசு மேசையிலும் உட்கார வைக்கிறார்கள். மோசமான வேலை என்று சொல்ல மாட்டேன். கலியாணம் முடித்து, பிள்ளை குட்டியோடு, பத்து வருஷ அனுபவத்தோடு ஒருத்தி வந்து செய்தால் அது அவளுக்கு வரம். இப்போதுதான் படித்து முடித்த உனக்கு அங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நீ தவறு செய்தாலும் அது தவறு என்று காட்ட யாரும் இல்லை. எனக்குப் பயமே அதுதான்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்துக்கு நான் வேலைக்குப் போன புதிதில் எனக்கு என்ன தெரியும்? சோறு ஊட்டுவேன், தூங்க வைப்பேன். கிளினிக்குக் கிழமைக்கு ஒரு தரம் வந்த குடும்பநல மருத்துவிச்சி மிஸ்தான் வயிற்றோட்டம் பிடித்த பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டு, அது எவ்வளவு மெதுவாகப் பழைய நிலைக்கு வருகிறது பார் என்று காட்டினார். கண் உள்ளே போயிருக்கிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொன்றாக. என்னைத் திட்டவும் செய்வார். அந்தத் திட்டில்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது. உனக்கும் முதல் இரண்டு வருஷம் பக்கத்தில் நின்று திட்டுகிற ஒரு சிஸ்டர் வேண்டும்.

ஆகவே நான் நிற்பது கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிப் பக்கம். சம்பளம் சவூதியில் பாதிகூட இல்லை. தங்குகிற போடிங் காசும் சாப்பாடும் போனால் கையில் மிஞ்சுவதைப் பார்த்து நீ அழுவாய், தெரியும். வீட்டுக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். ஆனால் அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதே. அங்கேயும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எந்த வார்டில் போடுவார்கள் என்று கேள். தனி அறை நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இரண்டு வருஷம் போய்விடக் கூடாது. மெடிக்கல் வார்ட், சர்ஜிக்கல் வார்ட், முடிந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று மாற்றி மாற்றிப் போடுவார்களா? இரவு ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? புதுப்பிள்ளையைத் தனியாக விடுவதற்கு முன் எத்தனை கிழமை இன்னொருவரோடு நிற்க வைப்பார்கள்? ஓ.டி. என்கிற மேலதிக நேர வேலை நாம் விரும்பினால் செய்வதா, ஆள் இல்லை என்று நிறுத்தி வைப்பதா? இதையெல்லாம் கேட்டால் வேலை தர மாட்டார்கள் என்று பயப்படாதே. இத்தனை நர்ஸ்மார் நாட்டை விட்டுப் போன பிறகு அவர்களுக்கும் ஆள் தேவைதான். மனேஜரிடம் கேட்பதோடு விடாமல், அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் நேரம் போய் நின்று பேசு. உண்மை அங்கேதான் வரும்.

அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்லியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அசலைக் காட்டு, உறுதிப்படுத்திய பிரதியைக் கொடு, அசலைத் திரும்பக் கொண்டுவா. நம் நாட்டுத் தாதியர் பேரவையின் பதிவுச் சான்றிதழும் அப்படித்தான். நாளைக்கு அரசாங்க நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் எதைக் கொண்டு போவாய்?

அப்புறம் அந்தப் பிணை. இரண்டு வருஷத்துக்கு முன் விலகினால் காசு கட்ட வேண்டும், அதற்கு இரண்டு அரச உத்தியோகத்தர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை எழுதியவருக்கு லயத்தில் இருப்பவர்களைப் பற்றி என்ன தெரியும்? கொழும்புப் பிள்ளைக்குச் சித்தப்பா ஒருவர், மாமா ஒருவர் என்று உடனே கிடைத்துவிடும். நம் சொந்தத்தில் அரசாங்க உத்தியோகத்தில் யார் இருக்கிறார்? உன் பழைய விஞ்ஞான டீச்சர் நான் கேட்காமலேயே சம்மதித்துவிட்டார். இன்னொருவருக்கு அதிபரிடம் பேசியிருக்கிறேன். ஆனால் நீ இடையில் விட்டுவிட்டு வந்தால் அந்தக் காசை அவர்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதை மறந்துவிடாதே. ஆகவே அவர்களிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒரு வருஷம் முடிந்து விலகினால் முழுத் தொகையுமா, மிச்சமிருக்கும் மாதங்களுக்கு மட்டுமா? அரச நியமனம் வந்தால் விடுவார்களா? இரண்டாவதை அவர்கள் வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். விலகும்போது எந்த வார்டில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை செய்தாய் என்று கடிதம் தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேள்.

அரச நியமனத்துக்காக வீட்டில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன், ஆனால் விண்ணப்பத்தை மட்டும் தவறவிடாதே. உன்னோடு உயர்தரம் படித்தவள் தாதியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், படிக்கும்போதே கொடுப்பனவு வாங்கி, மூன்று வருஷத்தில் நியமனமும் எடுத்துவிட்டாள். நீ நாலு வருஷம் படித்துவிட்டு அரச வேலை அறிவிப்பு எப்போது வரும் என்று வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய். உனக்கு அது வலிக்கிறது என்று தெரியும். அதற்காகப் பட்டம் வீணாகாது. அரசாங்கத்தில் ஏறிய பிறகு வெளிநாடு போகவும் வழி இருக்கிறது. 2022 இல் நாடு முறிந்து கிடந்தபோது, பதவிமூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து வருஷம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை போட்டார்கள். உன் காலம் வரும்போது அது எப்படி மாறியிருக்குமோ, அப்போது பார்த்துக்கொள்ளலாம். கொழும்பில் இருக்கும்போதே சிங்களத்தைச் சரியாகப் பழகிக்கொள். மட்டக்களப்பில் உனக்கு அது தேவைப்படவில்லை, அரசாங்க வேலையில் இரண்டாம் மொழிப் பரீட்சை கட்டாயம்.

நீ ஒரு நாள் நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியை 2017 இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்தார், 150 கட்டில். கட்டடம் வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் நம் கிழவிமார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், தமிழ் தெரிந்த மிஸ் இன்றைக்கு டியூட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். 2016 கணக்கெடுப்பில் நாட்டில் வயதுக்கேற்ற உயரமில்லாத சின்னப் பிள்ளைகள் நூற்றுக்கு 17, தோட்டத்தில் 31 க்கும் மேல் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். நான் மாதாமாதம் நிறுத்து, அளந்து, அட்டையில் புள்ளி வைக்கிறேன். புள்ளி கீழே இறங்கினால் யாரிடம் காட்டுவது என்பதுதான் ஒவ்வொரு தரமும் கேள்வி. இது என் ஆசை, உன் கடமை என்று எடுத்துக்கொள்ளாதே. நீ லண்டனில் நர்ஸாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், நர்ஸாக இருந்தால்.

ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம் மங்கலாக இருக்கிறது, சாரால் வாசிக்க முடியவில்லை. வெளிச்சத்தில் வைத்து மறுபடி படம் எடுத்து அனுப்பு, விலகும்போது கட்டுகிற தொகை அதில்தான் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வகுப்பு இல்லை, நான் போய்க் காட்டிவிட்டு வந்து சொல்கிறேன். அதுவரை கொழும்புக்காரர்கள் அவசரப்படுத்தினால், பிணைக்காரர்களிடம் கையெழுத்து வாங்க ஊருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொல். பொய்யும் இல்லை.

அன்புடன்,
அம்மா