அழகர்மலை அடிவாரக் காட்டு நிலத்தை வாங்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அழகர்மலைக் காப்புக்காட்டின் எல்லைக்கல்லுக்கும் கீழேயுள்ள கண்மாய்க்கும் இடையில் கிடக்கும் 14 ஏக்கர் பட்டா நிலத்தைக் கிரயம் பெற்று, அதைக் காடாகவே நிலைக்கச் செய்ய எங்கள் குழு முனைந்துள்ளது. மனைப்பிரிவு போடவும் கிராவல் அள்ளவும் கேட்டு வந்தவர்களைத் திருப்பியனுப்பிவிட்டு, நில உரிமையாளர்கள் எங்களோடு கிரய ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். முழுத் தொகையையும் வரும் பங்குனிக்குள் செலுத்தியாக வேண்டும்.

வனத்துறையின் காவல் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. தேவாங்குக்கு அந்தக் கல் தெரியாது. இரவெல்லாம் கிளைவிட்டுக் கிளை தாவாமல் பற்றிப் பற்றி நகர்ந்து பூச்சி பிடித்துத் தின்னும் அந்தச் சிற்றுயிர், மரத்தொடர் அறுந்த இடத்தில் தரையிறங்கி நாய்க்கோ வண்டிச் சக்கரத்துக்கோ பலியாகிறது. அதற்கென 2022-ஆம் ஆண்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் சரணாலயத்தை அரசு அறிவித்தது பெரும் பேறு. ஆனால் தனியார் பட்டாவில் நிற்கும் மரத்தின் கதியைப் பெரும்பாலும் உரிமையாளரே முடிவு செய்கிறார். ஆகவே நாமே உரிமையாளராவதுதான் இங்கே உறுதியான வழி என்று கருதுகிறோம்.

14 ஏக்கர் மிகச் சிறிது என்று சிலர் சொல்லக்கூடும். இதே மலைத்தொடரை ஒட்டி, நத்தம் வட்டத்திலுள்ள காசம்பட்டி வீரகோயில் காடு ஐந்து ஹெக்டேருக்கும், அதாவது ஏறத்தாழ 12 ஏக்கருக்கும், குறைவானது. ஊரார் தலைமுறைகளாகக் காத்துவந்த அந்தக் கோயில்காடு, அரிட்டாபட்டிக்கு அடுத்ததாக, 2025-இல் தமிழகத்தின் இரண்டாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சிறுதொகைகளால் காடு வாங்கிய முன்மாதிரியும் உண்டு. 1987-இல் சுவீடனின் சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகள் கோஸ்டாரிக்காவின் மழைக்காட்டை வாங்கப் பணம் திரட்டத் தொடங்கினார்கள். பல நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, அது இன்று 22,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தனியார் காப்பகமாக விரிந்து நிற்கிறது.

நம் நிலத்தைக் கோடையில் பார்ப்பவருக்கு அது வெறுங்கரடாகவே தெரியும். அருகே சென்றால், விறகுக்கு வெட்டப்பட்ட உசில், வெப்பாலைக் கட்டைகள் முழங்கால் உயரத்தில் நிற்பதைக் காணலாம். ஒரு நல்ல மழை பெய்ததும் அந்தக் கட்டைகளின் அடியிலிருந்து விரல் பருமனில் கொம்புகள் துளிர்க்கின்றன; அவை நிமிர்வதற்குள் ஆடு கடித்துவிடுகிறது. வேர் உயிரோடிருக்கும் இத்தகைய மண்ணில் ஆயிரக்கணக்கில் கன்று நட்டுப் படமெடுத்துக்கொள்வதை நாங்கள் விரும்பவில்லை. சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, துளிர்ப்பவற்றைக் காவல் காப்போம். அடியோடு அழிந்துபோன ஆச்சா, உலக்கைப்பாலை போன்ற மரங்களை மட்டும் நட்டு, முதல் கோடைகளில் தண்ணீர் ஊற்றுவோம். பழைய கிளுவை உயிர்வேலி அப்படியே இருக்கும், கம்பிவேலி போடமாட்டோம். இங்கே ஆடு மேய்த்துவரும் குடும்பங்களை விரட்டிவிட்டுக் காடு வளர்ப்பது அறமாகாது என்பதால், நிலத்தைப் பகுதி பகுதியாக மூடித் திறக்கும் முறையை அவர்களோடு பேசி ஒப்புக்கொண்டிருக்கிறோம். காவற்பணியையும் அவர்களுக்கே தருவோம்.

உங்கள் பணம் நிலத்தின் விலைக்கும், 7 விழுக்காடு முத்திரைத் தீர்வைக்கும், 2 விழுக்காடு பதிவுக் கட்டணத்துக்கும், பின்னர் காவலர் சம்பளத்துக்கும் செலவாகும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம் ஆகியவற்றை வழக்கறிஞர் சரிபார்த்துள்ளார். நன்கொடையாளர் எவரும் வந்து பார்க்கலாம். பதிவு முடிந்தபின், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இந்நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க அரசிடம் விண்ணப்பிப்போம். அவ்வாறு அறிவிக்கப்பட்டால், அரசின் ஒப்புதலின்றி நிலப் பயன்பாட்டை நாங்களேகூட மாற்ற இயலாது.

ஒரு சென்ட்டின் விலையை ஒருவராகவோ, தெருவாகவோ, வகுப்பாகவோ சேர்ந்து தரலாம். இயன்றது எதுவாயினும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். காசோலையாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோ மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்படும். வெளிநாட்டில் பணிபுரியும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து தரலாம். பிறநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவு பெறாத நாங்கள் நன்கொடை ஏற்க இயலாது. ஏதேனும் காரணத்தால் கிரயம் நடைபெறாவிட்டால், தந்த தொகை தந்தவருக்கே திருப்பி அனுப்பப்படும்.

இப்படிக்கு,
காடு காப்புக் குழுவினர்,
மதுரை.